பாலம் தூக்கிய இரவு: தோழிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. நல்லபடியாக முடிந்து, இப்போது வாசலில் வருபவர் யாரென்று தூரத்திலேயே கண்டுபிடித்துச் சொல்கிறார். அந்தச் சந்தோஷத்தில் வீடே கொஞ்சம் மூச்சு விட்டிருக்கிறது. அதனால்தான் இன்று உட்கார்ந்து எழுத முடிகிறது.

இத்தனை வருடம் மொழிபெயர்ப்பு வேலையிலேயே இருந்தவள், இனி பள்ளிக்கூடத்தில் ரஷ்ய மொழி சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை மூன்று தடவை படித்தேன். உன் கையெழுத்தில் அதைப் பார்க்க அவ்வளவு ஆசையாக இருந்தது. கூடவே, ஆசிரியர் உரிமத் தேர்வை நினைத்துத் தூக்கம் வரவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். "என்னதான் பார்க்கிறார்கள், எதைப் படிக்க?" என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். என்னென்ன கேள்வி வந்தது என்று மட்டும் கேட்காதே. வெளியே சொல்லக்கூடாது என்பது விதி, அதை மீற எனக்கு மனம் வராது.

முதலில் ஒன்று. நாம் படித்த காலத்தில் பார்த்த தேர்வை மனதில் வைத்துக்கொண்டு இதற்குத் தயாராகாதே. ரஷ்யாவில் நடத்தும் தோர்ஃபில் தேர்வு உனக்கு நினைவிருக்கும். ஆறு நிலை, ஒவ்வொரு நிலையிலும் ஐந்து பகுதி. சொல்லும் இலக்கணமும் ஒரு பகுதி, வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு. 66 சதவீதம் என்று ஒரு கோடு. அதில் இலக்கணத்துக்கென்று தனி அறை உண்டு, உள்ளே போய் விகுதிகளைச் சரியாகக் குறித்துவிட்டு வந்தால் மதிப்பெண் கிடைக்கும். அமெரிக்காவில் ஆசிரியர் உரிமத்துக்குப் பல மாநிலங்கள் கேட்கும், ஆக்ட்ஃபில் என்ற மொழி ஆசிரியர் அமைப்பின் தேர்வில் அந்த அறையே கிடையாது. பேச்சுக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று, அவ்வளவுதான். இலக்கணத்தைப் பற்றி ஒரு கேள்விகூட வராது. ஆனால் நீ வாயைத் திறந்த நிமிடத்திலிருந்து அவர்கள் கேட்டுக்கொண்டிருப்பது இலக்கணத்தையும்தான்.

பேச்சுத் தேர்வு 15 முதல் 30 நிமிடம். ஒருவர் உன்னோடு சாதாரணமாகப் பேச ஆரம்பிப்பார். எங்கே வேலை, வீட்டில் யார், எதில் ஆர்வம். அந்தப் பதில்களிலிருந்தே அடுத்த கேள்விகளை எடுப்பார். உன்னால் சிரமமில்லாமல் தொடர்ந்து நிற்க முடிகிற உயரம் எது என்று முதலில் பார்ப்பார். அதற்குப் பெயர் தளம். பிறகு வேண்டுமென்றே அதற்கு மேலே தள்ளுவார், உன் மொழி எங்கே உடைகிறது என்று பார்ப்பதற்காக. அது கூரை. இது தெரியாமல் போனால் பாதியில் நொந்துபோவாய். "இவ்வளவு நேரம் நன்றாகப் பேசினேன், இப்போது திணறுகிறேனே" என்று நெஞ்சு அடைக்கும். திணறும் இடத்துக்கு உன்னைக் கொண்டுபோவதுதான் அவர் வேலை, அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போ.

ஆசிரியர் ஆக வேண்டுமானால் பெரும்பாலும் அட்வான்ஸ்டு லோ, அதாவது மேல்நிலையின் முதல் படி, வேண்டும். ஸ்பானிஷுக்கும் அதே நிலை, ரஷ்யனுக்கும் அதே நிலை என்று நீ குறைபட்டிருக்கிறாய். எனக்கும் அந்தக் குறை இருந்தது. சீனம், ஜப்பானியம், கொரியன், அரபு ஆசிரியர்களுக்கு ஒரு படி குறைவாக, இன்டர்மீடியட் ஹை போதும் என்கிறது ஆக்ட்ஃபிலின் ஆசிரியர் தரநிர்ணயம். அமெரிக்க வெளியுறவுத் துறைப் பயிற்சிக் கணக்கிலோ ரஷ்யனுக்கு 44 வாரம், 1,100 வகுப்பு மணி. ஸ்பானிஷுக்கு அதைவிட எவ்வளவோ குறைவு. கணக்கு இப்படி இருக்க, வாசற்படி மட்டும் ஒரே உயரம். ஆனாலும் வகுப்பில் நின்ற பிறகு என் எண்ணம் மாறிவிட்டது. குழந்தைகளுக்கு வேறு காது இல்லை. ரஷ்ய மொழி என்றால் அவர்களுக்கு என் வாய்தான். அதனால் அந்த உயரம் நியாயம்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

உனக்கு நான் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. முதல் தடவை எனக்குக் கிடைத்தது இன்டர்மீடியட் ஹை. ஒரே ஒரு படி. அந்த நிலைக்கு அவர்கள் தரும் விளக்கத்தைப் படித்தபோது அழுகை வந்தது. மேல்நிலை வேலைகளைப் பெரும்பாலும் செய்ய முடிகிறது, ஆனால் தொடர்ந்து தக்கவைக்க முடியவில்லை என்பதுதான் அதன் சாரம். தெரியாது என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தெரிகிறது, நிற்கவில்லை என்றார்கள். பல நாள் யோசித்துப் பார்த்தேன், எங்கே நிற்கவில்லை என்று.

பீட்டர்ஸ்பர்கில் நாம் மாட்டிக்கொண்ட அந்த ஜூன் இரவு நினைவிருக்கிறதா? விடுதி வசீலியெவ்ஸ்கி தீவில். நாம் நேவா நதியின் மறுகரையில் பேசிக்கொண்டே நடந்தோம். வெண்ணிரவு, இருட்டே வராததால் நேரம் போனதே தெரியவில்லை. அரண்மனைப் பாலத்துக்கு வந்து சேர்ந்தபோது நடுவில் பிளந்து இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கி நின்றது. கப்பல்கள் போவதற்காக இரவில் தூக்கும் பாலம் அது. விடிய விடியக் கரையில் உட்கார்ந்திருந்தோம். முதல் தேர்வில் கடந்தகால நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லும் கட்டம் வந்தபோது, எனக்குத் தோன்றியது அந்தக் கதைதான். ஆசையாகச் சொன்னேன். சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் எல்லா வினைச்சொல்லையும் முற்றுப்பெறாத வடிவத்தில் சொல்லிவிட்டேன். பாலத்தை "ரஸ்வதீலி" என்றேன். "ரஸ்விலி" என்று சொல்லியிருக்க வேண்டும். என் கதையில் பாலத்தைத் தூக்கிக்கொண்டே இருந்தார்கள், தூக்கி முடிக்கவே இல்லை. நாம் வந்துகொண்டே இருந்தோம், வந்து சேரவே இல்லை. கேட்டவருக்கு நாம் ஏன் கரையில் உட்கார்ந்தோம் என்பதே புரிந்திருக்காது.

அட்வான்ஸ்டு என்ற நிலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கடந்தது, நடப்பது, வரப்போவது என்று மூன்று காலத்திலும் ஒரு நிகழ்ச்சியைத் தொடர்ச்சியாக, பத்தி பத்தியாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டவர் பேச்சைக் கேட்டுப் பழகாத ரஷ்யருக்கும் அது புரிய வேண்டும். வேறு மொழியில் இறந்தகால விகுதி தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ரஷ்யனில் இறந்தகால விகுதி குழந்தை விளையாட்டு. முற்றுவினையா, முற்றாவினையா என்ற தேர்வுதான் கதையை நகர்த்துகிறது. பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தது எது, நடந்து முடிந்து கதையை அடுத்த கட்டத்துக்குத் தள்ளியது எது என்பதை ஒவ்வொரு வினையிலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இதில் நமக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது, அதை நாம் படித்த காலத்தில் யாரும் எடுத்துச் சொல்லவில்லை. "ஒன் ப்ரிஷோல்" என்றால் வந்தான், இங்கேதான் இருக்கிறான். "ஒன் ப்ரிஹதீல்" என்றால் வந்தான், ஆனால் இப்போது இல்லை. ஆங்கிலம் மட்டும் தெரிந்த என் மாணவர்களுக்கு இதைப் புரியவைக்க நாள்கணக்கில் ஆகிறது. நமக்கோ "வந்திருக்கிறான்", "வந்துட்டுப் போனான்" என்று இரண்டும் வீட்டுப் பேச்சிலேயே இருக்கின்றன. "படித்துக்கொண்டிருந்தேன்", "படித்துவிட்டேன்" என்று சொல்லத் தெரிந்தவளுக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. முழுக்கப் பொருந்தாது, எங்கெங்கே இடறும் என்று நீயே கண்டுகொள்வாய். ஆனால் அட்டவணையிலிருந்து தொடங்காமல் இங்கிருந்து தொடங்கு. நான் இரண்டாம் தடவை அப்படித்தான் செய்தேன்.

வேற்றுமையும் நமக்குப் பயமில்லை. எட்டு வேற்றுமையில் வளர்ந்தவர்களுக்கு ஆறு பெரிதா? பெயரடையும் சேர்ந்து மாறுவதும், எண்ணுக்குப் பின்னால் வரும் பெயர்ச்சொல்லும்தான் தொல்லை. இரண்டு, மூன்று, நான்குக்குப் பின் ஒருமையில் ஆறாம் வேற்றுமை போன்ற வடிவம், ஐந்துக்குப் பின் பன்மையில் அதே வேற்றுமை, இருபத்தொன்று வந்ததும் மறுபடி எழுவாய் ஒருமை. பேச்சு வேகத்தில் வருடமும் வயதும் சொல்லும்போது இது கவிழ்த்துவிடும். அன்றாடம் கண்ணில் படும் எண்களை எல்லாம் உரக்க ரஷ்யனில் சொல்லிப் பழகு.

உச்சரிப்பில் ஒன்றைக் கவனி. "தோம்" என்று தமிழில் எழுதினால் அது வீடா, புத்தகத்தின் ஒரு பாகமா? ரஷ்யனில் முதல் ஒலி அதிர்ந்தால் வீடு, அதிராவிட்டால் பாகம். நம் எழுத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடுவதால், அவசரத்தில் நாக்கும் ஒன்றாக்கிவிடுகிறது. அழுத்தமும் அப்படித்தான். "ஸாமக்" என்று முதலசையில் அழுத்தினால் கோட்டை, "ஸமோக்" என்று இரண்டாம் அசையில் அழுத்தினால் பூட்டு. தேர்வில் இப்படி ஒன்றிரண்டு பிழைக்கு யாரும் கழுத்தைப் பிடிக்க மாட்டார்கள். ஆனால் நாளைக்கு முப்பது பிள்ளைகள் உன்னைப் பார்த்து அப்படியே சொல்வார்கள்.

நடுவில் ஒரு நடிப்புக் கட்டம் உண்டு. ஒரு சூழ்நிலை தருவார்கள், அதில் எதிர்பாராத சிக்கல் ஒன்று இருக்கும். அறை பதிவு செய்திருக்கிறாய், போனால் உன் பெயரில் பதிவே இல்லை என்கிறார்கள் என்று வைத்துக்கொள். நீ கேட்டு, விளக்கி, மாற்று வழி சொல்லி வெளியே வர வேண்டும். வணக்கமும் நன்றியும் இங்கே உதவாது. மேலும் தள்ளினால் "அப்படி நடந்திருந்தால்" என்ற கற்பனைக் கேள்வி, கருத்தைக் காரணத்தோடு நிறுவச் சொல்லும் கேள்வி வரும். அது அட்வான்ஸ்டுக்கும் மேலே உள்ள சுப்பீரியர் நிலைக்கான சோதனை, தடுமாறினால் பரவாயில்லை. உன் கருத்து சரியா தவறா என்று அவர்கள் பார்ப்பதில்லை.

எழுத்துத் தேர்வு பற்றி அதிகம் இல்லை. நான்கு தலைப்பு, கிட்டத்தட்ட 80 நிமிடம், கணினியில். நீ எழுதிப் பிழைத்தவள், உனக்கு இது கைவந்த கலை. ரஷ்ய விசைப்பலகை விரலுக்குப் பழகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள். "ஷ்தோ"வால் தொடங்கும் துணைவாக்கியத்துக்கு முன் காற்புள்ளி போட மறக்காதே, ஆங்கிலத்தில் எழுதி எழுதி அது நம் கையிலிருந்து போய்விட்டது.

எனக்கு ஒரு வருத்தம் உண்டு. கேட்டலையும் வாசிப்பையும் இந்த இரண்டு தேர்வும் தனியாக அளப்பதில்லை. அதற்கென்று வேறு தேர்வுகள் இருந்தாலும் பல இடங்களில் கேட்பதில்லை. பேசத் தெரிந்த ஆசிரியர், தன் பிள்ளைகளுக்கு ஒரு சிறுகதையைக்கூடத் தேர்ந்தெடுத்துக் கொடுக்க முடியாமல் இருக்கலாம். நீ நாள் முழுக்க வாசித்தே பிழைத்தவள். அந்தக் குறை உன் வகுப்பில் இருக்காது, எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

சென்ற வாரம் என் வகுப்பில், ஆண்டு முழுக்க வாயே திறக்காத ஒரு பையன் எழுந்து, தன் நாய் காணாமல் போன கதையைச் சொன்னான். ஆறு வாக்கியம். தேடிக்கொண்டிருந்தோம், தேடிக்கொண்டிருந்தோம், தேடிக்கொண்டிருந்தோம், கண்டுபிடித்தோம். கடைசி வினையை மட்டும் முற்றுவினையாகச் சொன்னான். வகுப்பே கை தட்டியது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, டி.

அடுத்த கடிதத்தை ரஷ்ய மொழியில் எழுது. அந்த இரவை உன் பக்கத்திலிருந்து சொல். எனக்குத் தெரிந்த கதை என்று சுருக்கிவிடாதே, அங்கே இல்லாத ஒருத்திக்குச் சொல்வதுபோல் சொல். எழுதி முடித்ததும், தாளைப் பார்க்காமல் ஒரு தடவை எனக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வீட்டில்தான் இருப்பேன்.

அம்மா உன்னை விசாரித்தார்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழி