கவினுக்கு பாம்பு காட்ட எங்க கூட்டிட்டு போறதுன்னு கேட்டியே

அபி கண்ணு, நல்லா இருக்கியா, மாப்ள நல்லா இருக்காரா. வாய்ஸ் மெசேஜ்ல சொன்னா நீ பாதி கேட்டுட்டு ஓட்டி விட்டுருவ, அதான் உக்காந்து டைப் பண்றேன், பொறுமையா படி.

கவினுக்கு பாம்பு பைத்தியம் பிடிச்சிருக்கு, விஷப்பாம்பு நிறைய இருக்கற ஜூவா பாத்து கூட்டிட்டு போகணும்னு மாப்ள ஒரு லிஸ்ட் போட்டு எனக்கும் அனுப்பிருந்தாரு. எந்த ஊரு ஜூல எத்தன வகைன்னு எண்ணி எண்ணி எக்ஸெல் ஷீட்டே போட்டுட்டாரு மனுஷன். அவரு உழைப்புக்கு ஒண்ணும் குறை சொல்லல, ஆனா அந்த கணக்கு எனக்கு ஒத்து வரல. இத்தன வருஷம் ஜி.ஹெச் கேஷுவாலிட்டில நர்ஸா நின்னவகிட்ட கேட்டா நான் ஒரே ஒரு கேள்விதான் கேப்பேன், அங்க இருக்கற பாம்போட விஷம் எங்க போகுது? அத எடுத்து மருந்து செய்யறவங்களுக்கு குடுக்கறாங்கன்னா அங்க கூட்டிட்டு போ. கண்ணாடிக்கு பின்னால சுருண்டு தூங்கறத மட்டும் காட்டறாங்கன்னா அதுக்கு விசா எடுத்து போகத் தேவையில்ல.

அப்படி பாத்தா உனக்கு பக்கத்துலயே ஒண்ணு இருக்குடி. சிட்னிலேருந்து வடக்க ஒரு மணி நேரம், சோமர்ஸ்பின்னு ஊரு, ஆஸ்திரேலியன் ரெப்டைல் பார்க். போன தடவ நான் வந்தப்ப டரோங்கா ஜூவுக்கு கூட்டிட்டு போனீங்க, ஃபெர்ரி, ஹார்பர், ஒட்டகச்சிவிங்கி எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, இந்த சோமர்ஸ்பி பத்தி யாரும் வாயே தொறக்கல. எரிக் வொர்ரெல்னு ஒருத்தர் 1948ல கடற்கரையோரமா சின்னதா ஒரு அக்வேரியம் மாதிரி ஆரம்பிச்சு, 1959ல ரெப்டைல் பார்க்னு ஆக்கி, அப்பறம் 1996ல இப்ப இருக்கற எடத்துக்கு வந்தது. 1950கள்லேருந்தே மெல்பர்ன்ல இருக்கற சி.எஸ்.எல் மருந்து கம்பெனிக்கு பாம்பு விஷம் எடுத்து அனுப்பறாங்க. பிரவுன் ஸ்னேக், டைகர் ஸ்னேக், டைப்பான், டெத் ஆடர், கருப்பு பாம்பு இந்த அஞ்சுக்கும் அங்க செய்யற முறிமருந்துக்கு விஷம் இங்கேருந்துதான் போகுது. ஃபனல் வெப்னு உங்க சிட்னி சிலந்தி ஒண்ணு இருக்கே, அதுக்கும் இவங்கதான். தோட்டத்துல பிடிச்ச சிலந்திய ஜாடில போட்டு கொண்டு வந்து குடுங்கன்னு ஜனங்ககிட்டயே கேப்பாங்க, எனக்கு அத படிச்சப்ப சிரிப்பா வந்துச்சு, ஆனா சும்மா இல்ல, அந்த மருந்து 1981ல வந்ததுக்கு அப்பறம் அந்த சிலந்தி கடிச்சு யாரும் சாகலையாம்.

கவின்கிட்ட அங்க போறதுக்கு முன்னாடி டைப்பான் கதைய சொல்லு. 1950ல கெவின் பட்டன்னு ஒரு 20 வயசு பையன், சிட்னிக்காரன், டைப்பானுக்கு மருந்து இல்லாத காலம், உயிரோட ஒண்ண பிடிச்சாதான் மருந்து செய்ய முடியும்னு கெய்ர்ன்ஸ் வரைக்கும் போயி பிடிச்சான், பைல போடறப்ப கையில கொத்திருச்சு. அந்த நெலமையிலயும் பாம்ப கொல்லாதீங்க, மெல்பர்னுக்கு அனுப்புங்கன்னு சொல்லிட்டு மறுநாள் செத்துட்டான். அந்த பாம்பு பத்திரமா போய் சேந்துச்சு, அதுலேருந்து விஷம் எடுத்தாங்க, 1955ல மருந்து வந்துச்சு, அந்த வருஷமே கெய்ர்ன்ஸ்ல ஒரு ஸ்கூல் பையன டைப்பான் கடிச்சு அந்த மருந்துதான் காப்பாத்துச்சு. பாம்பு பைத்தியம் பிடிச்ச புள்ள இந்த கதைய தெரிஞ்சுக்காம அந்த கண்ணாடி முன்னாடி நிக்கக்கூடாது.

2000 ஜூலைல அந்த சோமர்ஸ்பி பார்க் தீப்பிடிச்சு எரிஞ்சு, மெயின் பில்டிங்ல இருந்த பாம்பு பல்லி எல்லாமே கிட்டத்தட்ட போயிருச்சு. மத்த ஜூக்காரங்க குடுத்த பாம்பு, ஜனங்க குடுத்த காசுன்னு சேத்து ரெண்டு மாசத்துக்குள்ள திரும்ப தொறந்துட்டாங்க. மருந்துக்கு விஷம் வேணுமே, சும்மா மூடி வச்சுட முடியுமா.

இன்னொண்ணு, உலகத்துலயே கொடிய விஷம் இன்லேண்ட் டைப்பானுக்குன்னு கவின் என்கிட்ட ஃபோன்ல பெருமையா சொல்றான், அவன் நாட்டு பாம்பாம். சரிடா ராஜா. ஆனா ஆஸ்திரேலியாவுல பாம்பு கடிச்சு சாகறது வருஷத்துக்கு ரெண்டு பேரு மூணு பேரு. இந்தியாவுல 2000லேருந்து 2019 வரைக்கும் 12 லட்சம் பேருன்னு 2020ல ஒரு ஆய்வு வந்துச்சு, வருஷத்துக்கு கணக்கு போட்டா 58,000. நம்ம பாம்புக்கு விஷம் கம்மிதான், ஆனா அது இருக்கற எடத்துலதான் நம்ம ஜனமும் செருப்பில்லாம நிக்குது, வரப்புல, களத்துமேட்டுல, வீட்டு திண்ணையில. அதோட கடிச்சதும் நேரா வரமாட்டாங்க, மந்திரிக்கறவங்க வீட்டுக்கு போய்ட்டு பச்சிலை அரைச்சு கட்டிட்டு அப்பறம்தான் 108.

நான் வேலை பாத்த வரைக்கும் பாம்ப பாத்ததெல்லாம் மஞ்சப்பையிலதான். அடிச்சு நசுக்கி, தல எது வால் எதுன்னே தெரியாம கொண்டு வந்து ட்ரெஸ்ஸிங் டேபிள் மேல வைப்பாங்க, சிஸ்டர் இதுதான் கடிச்சதுன்னு. எங்களுக்கு அது தேவையே இல்ல. ரெண்டு மில்லி ரத்தம் எடுத்து காஞ்ச கண்ணாடி டெஸ்ட் ட்யூப்ல விட்டு ஆட்டாம அசைக்காம 20 நிமிஷம் வைப்போம், அப்பறம் மெதுவா சாய்ச்சு பாத்தா உறைஞ்சிருக்கணும், தண்ணியா ஓடுச்சுன்னா விரியன் வேலைய காட்டிருச்சுன்னு அர்த்தம். கட்டுவிரியன் வேற தினுசு. தரையில படுத்து தூங்கறவங்கள ராத்திரி கடிச்சுட்டு போயிரும், பல்லு அவ்ளோ சின்னது, தடமும் தெரியாது வலியும் இருக்காது, விடியக்காலம் வயித்து வலின்னு வருவாங்க, கண் இமைய தூக்க முடியாது, அத பாத்ததும் எனக்கு கை கால் பதறும். அப்ப ஏ.எஸ்.வி, அதான் பாம்பு விஷ முறிமருந்து, அந்த பவுடர் பாட்டில்ல டிஸ்டில்ட் வாட்டர் விட்டு, குலுக்கக்கூடாது நுரைச்சுக்கும், உள்ளங்கையில வச்சு மெதுவா உருட்டி உருட்டி கரைக்கணும், முதல் டோஸே பத்து பாட்டில், வெளிய சொந்தக்காரங்க கத்திக்கிட்டு இருப்பாங்க, பக்கத்துலயே அட்ரினலின் ஊசில ஏத்தி ரெடியா இருக்கணும் ஏன்னா மருந்தே சில பேருக்கு ஒத்துக்காம பிரஷர் இறங்கிரும்.

அந்த பாட்டில்ல இருக்கறதுக்கு மூல சரக்கு எங்கேருந்து வருதுன்னு நான் ரிடையர் ஆனப்பறம்தான் நேர்ல போய் பாத்தேன். ஈ.சி.ஆர்ல மாமல்லபுரம் போற வழியில வடநெம்மேலி முதலைப் பண்ணை, நீ ஸ்கூல் டூர்ல போயிருப்ப, அதுக்குள்ளயே இருளர் பாம்பு பிடிக்கறவங்க கூட்டுறவு சங்கம் இருக்கு. 1978ல ஆரம்பிச்சது. அதுக்கு முன்னாடி அவங்க பாம்பு பிடிச்சு தோலுக்கு வித்து பொழைச்சவங்க, 1972 வனவிலங்கு சட்டம், அப்பறம் தோல் ஏற்றுமதி தடைன்னு வந்ததும் பொழப்பே போச்சு. ரோமுலஸ் விட்டேக்கர்தான், அந்த முதலைப் பண்ணைய ஆரம்பிச்சவர், அதே கைத்திறமைய விஷம் எடுக்கறதுக்கு திருப்பி விட்டாரு.

அங்க வட்டமா பள்ளம் மாதிரி கட்டி வச்சிருக்காங்க, நாம சுத்து சுவத்துக்கு வெளிய நின்னு எட்டி பாக்கணும். பாம்பெல்லாம் மண்பானையில, வாய துணி போட்டு கட்டி, மேல சிலேட்டுல எந்த பாம்பு எப்ப வந்ததுன்னு எழுதி வச்சிருந்தாங்க. ஒரு அண்ணன், கையில வளைஞ்ச கம்பி மட்டும்தான், கண்ணாடி விரியன் பானைய தொறந்தாரு, அது சீறுச்சு பாரு, குக்கர் விசில் வர்றதுக்கு முன்னாடி ஆவி விடுமே அந்த சத்தம், நிறுத்தவே இல்ல. அவரு அவசரமே படாம தலைய அமுக்கி பிடிச்சு, ரப்பர் இழுத்து கட்டுன கண்ணாடி குடுவை விளிம்புல வாய வச்சாரு, பல்லு ரப்பர்ல எறங்குச்சு, மஞ்சளா ரெண்டு சொட்டு உள்ள வழிஞ்சுது. அவ்ளோதான். ஒரு பாம்ப மூணு வாரம் போல வச்சிருந்து வாரத்துக்கு ஒரு தடவ எடுத்துட்டு, வயித்து செதில்ல ஒரு அடையாளம் பண்ணி காட்டுலயே விட்டுருவாங்க, அதே பாம்பு திரும்ப மாட்டுனா அடையாளத்த பாத்து விட்டுருவாங்க. இந்தியாவுல மருந்து செய்யற கம்பெனிங்களுக்கு பெரும்பாலும் இவங்க விஷம்தான். மாசி சடையன், வடிவேல் கோபால்னு அந்த சங்கத்துக்காரங்க ரெண்டு பேரு 2017ல ஃப்ளோரிடாவுக்கே போயி மலைப்பாம்பு பிடிச்சு குடுத்துட்டு வந்தாங்க, 2023ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. மாப்ளயோட லிஸ்ட்ல அமெரிக்கா ஜூவெல்லாம் இருக்கு, வடநெம்மேலி இல்ல. நான் ஒண்ணும் சொல்லல.

கிண்டி பாம்பு பண்ணையும் ஒரு அரை நாள் போகணும், விட்டேக்கர் சேலையூர்ல ஆரம்பிச்சு 1972ல கிண்டிக்கு கொண்டு வந்தது. சின்ன எடம்தான், ஞாயித்துக்கிழமை போயிராத, கூட்டத்துல ஒண்ணும் தெரியாது. அங்க பாக்க வேண்டியது ஆளுயர பாம்ப இல்ல, ஒண்ணு போல இருக்கறத எப்படி பிரிச்சு பாக்கறதுன்னு. கட்டுவிரியனுக்கும் விஷமில்லாத ஓநாய் பாம்புக்கும் ரெண்டுக்கும் வெள்ள பட்டை இருக்கும், கட்டுவிரியனுக்கு தலைகிட்ட மங்கலா இருந்து கீழ போகப்போக தெளிவா ஜோடி ஜோடியா வரும், இன்னொண்ணுக்கு கழுத்துகிட்டயே தெளிவா இருந்து வாலுக்கு போகப்போக மங்கிரும். சாரைய நல்ல பாம்புன்னும், மண்ணுளிய கண்ணாடி விரியன்னும் அடிச்சு கொல்றாங்களே, அதெல்லாம் இங்க ஒரு மணி நேரம் நின்னா தெளிஞ்சிரும்.

வர்ற வழியில பேங்காக்ல ஸ்டாப் போட்டீங்கன்னா ராமா 4 ரோட்டுல குயின் சவோவபா இன்ஸ்டிட்யூட், தாய்லாந்து ரெட் கிராஸ் நடத்தறது, பாம்பு பண்ணை 1923லேருந்து இருக்கு. வெறிநாய்க்கடி தடுப்பூசிக்குன்னு தொடங்குன எடம் அது, இன்னிக்கும் அதே காம்பவுண்டுல நாய்க்கடி ஊசியும் போடுவாங்க, பாம்பு விஷமும் எடுப்பாங்க. வாரநாள் காலைல விஷம் எடுக்கறத கேலரில உக்காந்து பாக்கலாம், சனி ஞாயிறுன்னா அது கிடையாது, அதனால நாள் பாத்து டிக்கெட் போடு. ராஜநாகம், ஒத்தக்கண் நாகம், பச்சை விரியன் எல்லாம் இருக்கு.

ஏன்டா இத்தன ஊர்ல தனித்தனியா எடுக்கறாங்க, ஒரே எடத்துல செஞ்சு அனுப்பக்கூடாதான்னு கவின் கேப்பான், அவன் கேக்கற ஆளுதான். 1890கள்ல வியட்நாம்ல இருந்த கால்மெட்னு பிரெஞ்சு டாக்டர் நாகப்பாம்பு விஷத்த வச்சு முதல் மருந்து கண்டுபிடிச்சு, எல்லா பாம்புக்கும் கேக்கும்னு நெனச்சாரு. பிரேசில்ல விட்டல் பிரசீல்னு டாக்டர் அத தன் ஊர் பாம்பு விஷத்துக்கு போட்டு பாத்தா கேக்கல. அந்தந்த பாம்புக்கு அந்தந்த மருந்துதான்னு அவருதான் நிரூபிச்சாரு, சாவ் பாலோல 1901ல வந்த புட்டன்டன் இன்ஸ்டிட்யூட் அவரு தலைமையில ஆரம்பிச்சது, அங்கயும் பாம்பு மியூசியம் இருக்கு, அது அவன் பெரியவனாகி அவன் காசுல போகட்டும். நம்ம ஊர்லயே இந்த பிரச்சன இருக்கு, தமிழ்நாட்டு பாம்பு விஷத்துல செஞ்ச மருந்து வடக்க சில எடத்து பாம்புக்கு அவ்ளோ நல்லா வேலை செய்யறதில்லன்னு இப்ப ஆராய்ச்சியில சொல்றாங்க.

பாம்ப கழுத்துல போட்டு ஃபோட்டோ எடுத்து காசு வாங்கற எடத்துக்கு மட்டும் கூட்டிட்டு போகாத, பல்ல பிடுங்கி வச்சிருப்பாங்க, பாவம் அது. 1852ல லண்டன் ஜூல பாம்பு கீப்பரே ராத்திரி பூரா குடிச்சுட்டு வந்து நல்ல பாம்ப எடுத்து வெளையாட்டு காட்டி மூக்குல கொத்து வாங்கி செத்திருக்காரு. பழகுன பாம்புன்னு ஒண்ணு கிடையாது. கண்ணாடிய தட்டக்கூடாதுன்னும் அவன்கிட்ட முன்னாடியே சொல்லி வை.

உங்க கார்ல கிரேப் பேண்டேஜ் ரெண்டு வாங்கி போட்டுக்க. பிரவுன் ஸ்னேக் உங்க வெஸ்டர்ன் சிட்னி பக்கம் வீட்டு தோட்டத்துலயே வருமாம், கடிச்சா கை காலு முழுக்க நல்லா அழுத்தி சுத்தி, குச்சி வச்சு கட்டி, நடக்க விடாம ஆம்புலன்ஸுக்கு 000 அடிக்கணும். அது அந்த ஊருக்கு. நம்ம ஊர்ல விரியன் கடிக்கு இறுக்கி கட்டவே கூடாது, அசைக்காம கொண்டு போனா போதும், ரெண்டையும் குழப்பிக்காத.

ஏப்ரல் லீவுல வர்றீங்கன்னா வடநெம்மேலிக்கு காலைல சீக்கிரமே போயிரணும், பத்து மணிக்கு மேல வெயில்ல நிக்க முடியாது, விஷம் எடுக்கறது அன்னிக்கு உண்டான்னு நான் முன்னாடியே ஃபோன் போட்டு கேட்டு வைக்கறேன். அவனுக்கு ஷூ கொண்டு வா, சாண்டல்ஸ் வேணாம். அப்பா வர்றேன்னுதான் சொல்றாரு, ஆனா கேட்டுகிட்டயே கார்ல உக்காந்து பேப்பர் படிச்சிட்டு இருப்பாரு, பாத்துக்க. டிக்கெட் போட்டதும் தேதி சொல்லு.

அம்மா