நீ போட்டுக்குற ஊசியும் ஒரு எலியும்

மீனாவுக்கு,

உன் லெட்டர் வந்து பத்து நாளாச்சு, அம்மாவுக்கு கண் ஆபரேஷன், அந்த அலைச்சல்ல உடனே எழுத முடியலடி. இப்ப நல்லா இருக்காங்க.

மூட்டுக்கு, வீக்கத்த தூண்டுற டிஎன்எஃப்ங்குற புரோட்டீன தடுக்குற ஊசி ஆரம்பிச்சிருக்காங்கன்னு எழுதியிருந்தியே, படிச்சதுமே உனக்கு ஒண்ணு சொல்லணும்னு தோணுச்சு, ஏன்னா ரெண்டு மாசமா நான் படிச்சிட்டு இருக்குறதே அத சுத்திதான். காலேஜ்ல ஜீன் ஆன் ஆகுறது ஆஃப் ஆகுறது மட்டும்தான சொல்லிக்குடுத்தாங்க, புரோட்டீன் செய்யுறதுக்காக ஜீன்லேர்ந்து நகலா எழுதுன எம்ஆர்என்ஏவ எப்போ அழிக்கணும்னு செல் எவ்ளோ கவனமா பாக்குதுன்னு யாரும் சொல்லவே இல்ல. ஹீமோகுளோபினுக்கான எம்ஆர்என்ஏ ஒரு நாளுக்கு மேலயும் தாங்கும், ஆனா சி-ஃபாஸ்னு ஒரு ஜீனோடது அரை மணி நேரத்துக்குள்ளயே பாதி போயிடும். எல்லாம் ஏ, யூ, ஜி, சின்னு அதே நாலு எழுத்துல எழுதுனதுதான்!

1986ல ஷா, கேமன்னு ரெண்டு பேரு, சீக்கிரம் அழியுற ஒரு எம்ஆர்என்ஏவோட கடைசிப் பகுதில ஏயும் யூவும் நெறைஞ்சு கிடந்த சின்ன துண்ட எடுத்து, ஹீமோகுளோபின்ல இருக்குற குளோபினோட ஜீன்ல சேத்தாங்க. அவ்ளோதான், நல்லா தாங்கிட்டு இருந்த குளோபின் எம்ஆர்என்ஏவும் சிதைய ஆரம்பிச்சிடுச்சு. எனக்கு ரொம்ப புடிச்ச சோதனை இது.

டிஎன்எஃப் எம்ஆர்என்ஏலயும் அந்த மாதிரி துண்டு இருக்கு. டிடிபின்னு ஒரு புரோட்டீன் அதுல வந்து ஒட்டிக்கிட்டு, பின்னாடி வெறும் ஏவா நீண்டு இருக்குற பாலி ஏ வால வெட்டுற என்சைம்கள கூட்டிட்டு வந்துடும், வால் குட்டையாயிட்டா முன்பக்கத்த காப்பாத்துற தொப்பியும் போயிடும், அப்புறம் மிச்சத்த வேற என்சைம்கள் தின்னு தீத்துடும். 1996ல அந்த டிடிபி ஜீன் இல்லாத எலிய உருவாக்கி பாத்திருக்காங்க, பொறக்கும்போது ஒண்ணும் தெரியல, போகப்போக உடம்பு இளைச்சு மூட்டெல்லாம் வீங்கிடுச்சு. டிஎன்எஃப்புக்கு எதிரான ஆன்டிபாடி குடுத்தப்போ அந்த வியாதி பெரும்பாலும் வராமலே தடுக்க முடிஞ்சுது. உன் வியாதிக்கு காரணம் இதேதான்னு சொல்லல, உனக்கு வேற பல விஷயங்கள் சேந்திருக்கும், ஆனா அந்த எலிய பத்தி படிச்சப்போ உன் வீங்குன விரல்தான் கண்ணுக்குள்ள நின்னுச்சு.

இதுல இன்னொன்னு, அழிக்குறதுக்கு மட்டும் இல்ல, காப்பாத்தவும் ஆள் இருக்கு. செல்லுல இரும்பு கம்மியானா ஒரு புரோட்டீன் வந்து, இரும்ப உள்ள இழுக்குற ரிசெப்டரோட எம்ஆர்என்ஏவ வெட்டு விழாம மூடிக்குது, இரும்பு சேந்ததும் விட்டுட்டுப் போயிடுது.

இப்ப காலைல எழுந்ததும் விரல மடக்க முடியுதா? மறைக்காம எழுது.

உன்,
வசந்தி