தலைக்குத் துணி கொடுத்த எல்லாருக்கும்

வணக்கம். நான் ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்துக்காரி. மார்பகப் புற்றுநோய்க்கு மதுரையில் கீமோ எடுத்து முடித்தாகிவிட்டது, முடியும் திரும்ப வளர்கிறது. உடம்பு படுத்திய நாட்களில் வாய் திறந்து நன்றி சொல்லத் தெம்பு இல்லை. இப்போது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதல் மருந்து ஏறி இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டும் என்று நர்ஸம்மா முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். வேகமாக வளரும் செல்களை அடிக்கிற மருந்து முடிவேரையும் சேர்த்தே அடிக்கும், மருந்து நின்றதும் மறுபடி முளைக்கும் என்று பொறுமையாக விளக்கினார்கள். சொன்ன மாதிரியே கொத்துக் கொத்தாகப் போனது. தெருவில் இறங்கினால் எந்தக் கோயிலில் மொட்டை போட்டாய் என்ற கேள்வி வேறு. ஆனால் கேள்வியைவிடத் தலைத்தோல்தான் பாடாய்ப் படுத்தியது, தலையணை பட்டாலே எரியும், வெயில் ஆகவே ஆகாது. விக் விசாரித்தால் பல ஆயிரம். அதுவோ மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, வீட்டுக்காரருக்கு வருமானமே இல்லை. மலிவாகக் கிடைத்த பாலியஸ்டர் ஸ்கார்ஃப் தலையில் நிற்காமல் வழுக்கும், வேர்த்தால் அரிக்கும்.

பரமக்குடி அக்கா, கீமோ வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்துகொண்டு இதையெல்லாம் கவனித்தது நீங்கள்தான். அடுத்த தடவை வரும்போது உங்கள் வீட்டுத் தறியில் மிச்சம் விழுந்த பருத்தித் துணியைச் சதுரமாக வெட்டி, ஓரம் அடித்து, கஞ்சி போகும்வரை துவைத்துக் கொண்டுவந்தீர்கள். "புதுத்துணி மொடமொடன்னு குத்தும்டி" என்றீர்கள். உங்களுக்கும் அதே மருந்து, அதே வாந்தி. அந்த நிலையில் எனக்காகத் துணி துவைத்திருக்கிறீர்கள் அக்கா.

அப்புறம், உம்மாவுக்குத் துணையாக வந்த கீழக்கரை லாத்தா. முக்காடு நழுவாமல் இருக்க நீங்கள் உள்ளே போடும் பனியன் துணித் தொப்பியைக் கொடுத்து, தையல் தலையில் உறுத்தாமல் இருக்கத் திருப்பிப் போடச் சொன்னீர்கள். அதன் மேல் கட்டினால்தான் பருத்தித் துணியும் பிடித்து நிற்கும் என்று அன்றுதான் தெரிந்தது. இரவில் அந்தத் தொப்பியோடுதான் தூங்கினேன்.

இவ்வளவும் இருந்தும் பாம்பன் காற்றுக்கு ஈடு கொடுக்க முடியவில்லை. கச்சான் காற்று அடித்தால் தலையில் எது நிற்கும்? அதற்கு வழி சொன்னது கடல்பாசி எடுக்கப் போகும் சின்னப்பாலம் மதினிமார். துணியை முக்கோணமாக மடித்து, நெற்றியில் புருவத்துக்கு மேலே இறக்கி வைத்து, பிடரியில் இரண்டு முனையையும் தொங்கும் மூன்றாவது முனைக்கு மேலாக முடிந்து, மிச்சத்தை முறுக்கி உள்ளே செருக வேண்டும். அலைக்குள் முங்கி எழுந்தாலும் அவிழாத கட்டு அது. என் தலையை அவர்கள் பரிதாபமாகப் பார்க்கவேயில்லை, "இழுத்துக் கட்டு, இன்னும் இழு" என்று வேலை சொல்லிக் கொடுப்பது போலத்தான் சொன்னார்கள். அழுதுகொண்டிருந்த எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றுபோன பிறகு, புதுப்பாலம் 2025 ஏப்ரலில் திறக்கும்வரை நாங்கள் மண்டபம் போய்த்தான் ரயில் ஏற வேண்டியிருந்தது. விடியுமுன்னே வந்து கூட்டிப்போன ஆட்டோ அண்ணனுக்கு நன்றி. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கும் துணைக்குப் போகும் ஒருவருக்கும் இரண்டாம் வகுப்பில் 75 சதவீதம் கட்டணச் சலுகை உண்டு, டாக்டரிடம் கையெழுத்து வாங்கு என்று படிவத்தோடு வந்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கும் நன்றி. மருந்துச் செலவை முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பார்த்துக்கொண்டது, அதற்கு நடையாய் நடந்தது என் நாத்தனார்.

துணிகளையும் தொப்பிகளையும் வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன். நம் மாவட்டத்தில் யாருக்காவது கீமோ தொடங்கப்போகிறது என்றால் முடி கொட்டும் முன்பே சொல்லிவிடுங்கள், காசு வேண்டாம். பாம்பன், மண்டபம் பக்கம் என்றால் நானே வீட்டுக்கு வந்து கட்டிக் காட்டுகிறேன்.