ரிவியேர் கோட்டையில் போன இரண்டு பற்கள்

அமெரிக்கக் கடற்படைத் துறையினருக்கு,

வணக்கம். 1915 நவம்பர் 17 அன்று வடக்கு ஹெய்டியில் மலை உச்சியிலிருந்த ரிவியேர் கோட்டையை உங்கள் மரைன் படையினர் பிடித்தார்கள். அதற்காக ஸ்மெட்லி பட்லர், ராஸ் அயம்ஸ், சாமுவேல் கிராஸ் மூவருக்கும் உங்கள் நாட்டின் உச்ச ராணுவ விருதான மெடல் ஆஃப் ஆனர் கிடைத்தது. அதைத் திரும்ப வாங்கச் சொல்லி நான் எழுதவில்லை. விருது எதற்காக என்று சொல்லும் விருதுக் குறிப்பில் விட்டுப்போனதைச் சேருங்கள், அவ்வளவுதான்.

கோட்டைச் சுவரில் சின்னதாக ஒரு திறப்பு. உள்ளேயிருந்து சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். முதலில் அயம்ஸ் நுழைந்தார், அடுத்து கிராஸ், மூன்றாவதாகப் பட்லர். துணிச்சல்தான், யார் மறுப்பது? அப்புறம் நடந்ததில்தான் குறிப்பு அவசரப்படுகிறது. நேருக்கு நேர் மோதினார்கள், எதிர்ப்பை நொறுக்கினார்கள் என்று முடித்துவிடுகிறது. உள்ளே இருந்த ககோக்கள், அதாவது ஆயுதம் ஏந்திய வடபகுதிக் குடியானவர்கள், கடைசியில் கல்லும் தடியும் வெட்டரிவாளுமாகப் போராடினார்கள். கால் மணி நேரத்தில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். உங்கள் பக்கம் ஒருவர்கூடச் சாகவில்லை. கல்லடி பட்ட ஒருவருக்கு இரண்டு பல் போனது. பல்லுக்குக் கணக்கு இருக்கிறது, செத்தவர்களில் ஒருவர் பெயர்கூட விருதுக் குறிப்பில் இல்லை. கோட்டையையும் டைனமைட் வைத்துத் தகர்த்துவிட்டார்கள்.

ககோக்களைக் கொள்ளைக்காரர்கள் என்றுதான் உங்கள் ஆட்கள் அன்று சொன்னார்கள். சரி, கொள்ளை என்று பேச்சு வந்ததால் சொல்கிறேன்: அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பரில், 'மச்சாயஸ்' போர்க்கப்பலில் வந்திறங்கிய உங்கள் மரைன்கள் ஹெய்டி தேசிய வங்கியிலிருந்து 5 லட்சம் டாலர் மதிப்புள்ள தங்கத்தை எடுத்து நியூயார்க்குக்குக் கொண்டுபோனார்கள். 1915 ஜூலையில் தரையிறங்கிய படை 1934 வரை அங்கிருந்து நகரவில்லை.

இதெல்லாம் வெளியாள் சொல்லும் குற்றச்சாட்டு என்று தள்ளிவிட வேண்டாம். ஓய்வு பெற்ற பிறகு, 1935இல், பட்லரே எழுதினார்: நியூயார்க்கின் நேஷனல் சிட்டி வங்கிக்காரர்கள் வருவாய் வசூலிக்கத் தோதான இடமாக ஹெய்டியையும் கியூபாவையும் மாற்ற, தான் உதவியதாக. இரண்டு முறை அந்த விருது வாங்கியவரின் வாக்குமூலம் இது!

குறிப்பின் கீழே நாலு வரி போதும். செத்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் கையில் என்ன இருந்தது, உங்கள் படை அங்கே ஏன் போனது, பட்லர் பின்னாளில் என்ன எழுதினார். இடம் போதாது என்றால் முதல் இரண்டையாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று வாசகன்