உருக்கிய வெள்ளியும் கன்னியா வெந்நீரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒக்டோபர் வந்தால் இரசாயனவியல் நோபல் பரிசுச் செய்தியைப் பத்திரிகையில் தேடுவது என் பழைய பழக்கம். 2025இலும் தேடினேன். சுசுமு கிதகாவா, ரிச்சர்ட் ரொப்சன், ஓமர் யாகி என்று மூன்று பெயர்கள், பரிசுத் தொகை, அதோடு சரி. அவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு அரை வசனம்தான் இடம் கிடைத்திருந்தது.

ரொப்சனின் கதை ஒரு வகுப்பறையில் தொடங்கியது. 1974இல் மெல்பேர்ன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு மூலக்கூறு மாதிரி காட்ட மரப்பந்துகள் வேண்டியிருந்தன. எந்தப் பந்தில் எங்கே துளை போடுவது என்று பட்டறைக்காரருக்குக் குறித்துக் கொடுத்தார். துளை இருக்கும் இடம்தான் முழு மாதிரியின் வடிவத்தையும் தீர்மானிக்கிறது என்று அப்போது அவருக்கு உறைத்தது. அந்த எண்ணம் பத்து வருடத்துக்கு மேல் மனதில் கிடந்து, 1989இல் உள்ளே வெற்றிடம் நிறைந்த ஒரு பளிங்காக வெளிவந்தது. இன்று அந்த வகைப் பொருட்களை வைத்துப் பாலைவனக் காற்றிலிருந்து தண்ணீர் எடுக்கிறார்கள். இதை எழுத எவ்வளவு இடம் போகும்? ஒரு நகைக்கடை விளம்பரத்தின் மூலை போதும்.

நான் எழுத வந்தது உண்மையில் வேறொரு விருது பற்றி. இலண்டன் ரோயல் சொசைட்டி இரசாயனவியலாளருக்குக் கொடுக்கும் டேவி பதக்கம் நோபலைவிட மூத்தது. முதலில் 1877இல் பன்சனுக்கும் கிர்க்கோவுக்கும் கொடுத்தார்கள். ஆய்வுகூடத்துச் சுடரடுப்பில் பெயர் இருக்கிறதே, அதே பன்சன். இந்தப் பதக்கத்துக்கும் எங்கள் திருகோணமலைக்கும் ஒரு தொடர்பு உண்டு என்று இங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை.

பதக்கத்தின் பெயருக்குரிய இரசாயனவியலாளர் ஹம்ப்ரி டேவி 1815இல் சுரங்கத் தொழிலாளருக்குக் காப்பு விளக்கு செய்தார். சுடரைச் சுற்றிக் கம்பி வலை. வலை வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் வெளியே நிற்கும் வாயு பற்றாது. அதற்கு அவர் காப்புரிமை எடுக்கவில்லை. நிலக்கரிச் சுரங்க முதலாளிகள் நன்றிக்கு வெள்ளிப் பாத்திரத் தொகுதி ஒன்று கொடுத்தார்கள். குடும்பத்தில் அதைப் பயன்படுத்த ஆள் இல்லாவிட்டால் உருக்கி விற்று, அந்தக் காசில் ஒரு பதக்கம் வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பாத்திரங்கள் அவருடைய தம்பி ஜோனிடம் வந்தன. ஜோன் 1868இல் இறந்தபின் வெள்ளி உருகியது. கிடைத்தது 736 பவுண் சொச்சம்.

அந்தத் தம்பிதான் நம்மவர் என்று உரிமையோடு சொல்லக்கூடியவர். ஜோன் டேவியும் இரசாயனவியலாளர். 1812இல் காபனோரொட்சைட்டையும் குளோரினையும் வெயிலில் வைத்துப் பொஸ்ஜீன் என்ற நச்சு வாயுவை முதலில் உண்டாக்கியவர். 1816 முதல் 1820 வரை இராணுவ வைத்தியராக இலங்கையில் இருந்தார். வெப்பமானி அவர் கையை விட்டு இறங்காது போலும். கப்பலில் வரும்போதே கூட வந்தவர்களின் உடல் வெப்பத்தை அளந்து எழுதியவர். 1821இல் வெளிவந்த அவருடைய இலங்கை நூலில் நமது கன்னியா வெந்நீரூற்றும் இருக்கிறது. இராவணன் தாயின் ஈமக்கடனுக்காக நிலத்தில் குத்திய ஏழு இடம் என்று நாங்கள் சொல்லும் அதே கிணறுகள். (கதை கதையாகவே இருக்கட்டும், எனக்கு அதில் சண்டை இல்லை. மழைநீர் பாறை வெடிப்பால் ஆழத்துக்கு இறங்கிச் சூடாகித் திரும்பி வருகிறது என்பதையும் பக்கத்தில் வைத்துச் சொன்னால் போதும்.)

ஒன்று மட்டும் உறுத்துகிறது. ஐரோப்பாவிலோ ஆங்கிலோ அமெரிக்காவிலோ நடந்த கண்டுபிடிப்புக்குத்தான் பதக்கம் என்று அந்த ஏற்பாட்டில் எழுதியிருந்தார்கள். தம்பி கன்னியாவில் தண்ணீரைச் சோதித்த மண்ணுக்கு அதில் இடம் இல்லை.

ஆனாலும் அந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்த ஒரு பெயர் இருக்கிறது. ஆங்கிலேய இரசாயனவியலாளர் நியூலண்ட்ஸ். மூலகங்களை அணுநிறைப்படி அடுக்கினால் எட்டாவது, முதலாவதைப் போல நடக்கிறது என்று 1865இல் சொன்னார். சரிகமபதநி முடிந்து மறுபடி சா வருவது போல. அகர வரிசையில் அடுக்கிப் பார்த்தீர்களா என்று சபையிலேயே கேலி செய்தார்கள். 1882இல், மூலகங்களின் ஆவர்த்தன அட்டவணையை அமைத்த மெண்டலீவுக்கும் மேயருக்கும் டேவி பதக்கம் போனது. நியூலண்ட்ஸுக்கு 1887இல்தான். உயர்தர வகுப்பில் இதைச் சொல்லும்போது கடைசி வாங்குப் பையன்கூட நிமிர்ந்து உட்காருவான்.

நான் படிப்பித்த ஒரு பாடசாலையில் திரவத்தை அளந்து ஊற்றும் அளவியும் குழாயியும் அலுமாரிக்குள்ளேயே வருடக்கணக்காகக் கிடந்தன. உடைந்தால் யார் கணக்குச் சொல்வது என்ற பயம். பிள்ளைகள் நியமிப்பை, அதாவது துளித்துளியாக விட்டுக் கரைசலின் செறிவைக் கண்டறியும் சோதனையை, கரும்பலகையில் பார்த்தே சித்தி பெற்றார்கள். ஆகவே பத்திரிகைக்கு என் வேண்டுகோள் இரண்டு. பரிசுச் செய்தி போடும்போது வேலையையும் போடுங்கள். அப்புறம், திருகோணமலைப் பாடசாலைகள் மாதம் ஒருமுறை கன்னியாவில் ஏழு கிணற்றின் வெப்பத்தையும் அளந்து அனுப்பினால், அந்த அட்டவணைக்கு உங்கள் மாணவர் பக்கத்தில் ஒரு மூலை கொடுங்கள். மாரியிலும் கோடையிலும் எண்கள் எப்படி மாறுகின்றன என்று பிள்ளைகளே பார்க்கட்டும்.

போன போயா விடுமுறைக்குப் பேரனைக் கூட்டிக்கொண்டு போய்த் தொடங்கியும் பார்த்தேன். மூன்று கிணறு முடிவதற்குள் பின்னால் நின்ற சனம் வாளியைக் கேட்டுவிட்டது. கொப்பியில் மீதி நான்கு கட்டமும் வெறுமையாக இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியர்,
உவர்மலை, திருகோணமலை.