நடக்காத மூன்றாவது ஆட்டத்தின் பணம்: ஒரு முறைப்பாட்டுக் கடிதம்

ஸ்காபரோ, ஒன்ராறியோ
2022 நவம்பர் 24

முகாமையாளர் அவர்களுக்கு,

பொருள்: புளூ ஜேஸ் பேஸ்போல் அணியின் பிளேஓஃப் சுற்றில் நடைபெறாத மூன்றாவது ஆட்டத்துக்காகவும் அடுத்த சுற்றுக்கான முன்பணமாகவும் தாங்கள் பெற்றுக்கொண்ட 1,350 டொலரைத் திருப்பித் தருதல்

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

ஒக்டோபர் மாதத்தின் முதல் வாரத்தில், ரொறன்ரோ புளூ ஜேஸ் அணி சியாற்றில் அணியுடன் ஆடவிருந்த வைல்ட் கார்ட் சுற்றின் (பிளேஓஃப் எனப்படும் பருவ இறுதி ஆட்டங்களின் முதற் சுற்று) மூன்று ஆட்டங்களுக்குமாக, எனது குடும்பத்தினர் ஆறு பேருக்கு நுழைவுச்சீட்டும் பேருந்தும் சேர்ந்த பொதியைத் தங்கள் நிறுவனத்திடம் வாங்கினேன். முதல் இரண்டு ஆட்டங்கள் ஒக்டோபர் 7ஆம், 8ஆம் திகதிகளில் நடைபெற்றன. இரண்டிலும் எமது அணி தோற்றதால் 9ஆம் திகதிக்குரிய மூன்றாவது ஆட்டம் நடைபெறவில்லை. அந்த ஆட்டத்துக்கான பணத்தைக் கேட்டு நான் மூன்று மின்னஞ்சல்கள் அனுப்பினேன்; இரண்டு முறை தொலைபேசியிலும் பேசினேன். அவற்றுக்குப் பதிலாக இம்மாதம் 10ஆம் திகதி தாங்கள் அனுப்பிய மின்னஞ்சலை வாசித்த பின்னரே இக்கடிதத்தை எழுத வேண்டியதாயிற்று.

ஒரு விடயத்தை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அணி தோற்றதற்காக நான் பணம் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் சியாற்றிலின் பிட்ச்சர் (பந்து எறிபவர்) லூயிஸ் காஸ்டியோவின் பந்துகளுக்கு எட்டாவது இன்னிங்ஸ்வரை பதில் தெரியாமல் எமது அணி 4-0 எனத் தோற்றதைப் பார்ப்பதற்கும் காசு கொடுத்தேன். சனிக்கிழமை நடந்ததைப் பார்ப்பதற்கும் காசு கொடுத்தேன். அந்த இரண்டு நாட்களுக்கும் நான் கொடுத்த பணத்தில் ஒரு சதத்தையும் திருப்பிக் கேட்கப்போவதில்லை. ஆயினும், அணியின் தோல்வியையே காரணமாகக் காட்டித் தாங்கள் எனது பணத்தைப் பிடித்து வைத்திருப்பதால், அந்தச் சனிக்கிழமையைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அன்று ஐந்து இன்னிங்ஸ் முடிந்தபோது எமது அணி 8-1 என முன்னிலையில் இருந்தது. எமது தியோஸ்கார் ஹெர்னாண்டஸ் இரண்டு ஹோம் ரன்கள் (கிரிக்கெற்றின் ஆறு ஓட்ட அடிபோல் பந்து வெளியே போகும் அடிகள்) அடித்திருந்தார். 2016ஆம் ஆண்டுக்குப் பின்னர் அந்த வார இறுதிவரை எமது மைதானமான ரொஜர்ஸ் சென்டரில் பிளேஓஃப் ஆட்டத்தைக் கண்டிராத கூட்டம் அது. ஆறாண்டுச் சத்தத்தையும் ஒரே மாலையில் போட்டுத் தீர்ப்பதுபோல் இருந்தது. எனது தந்தையாருக்கு 78 வயது. 1991இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். கிரிக்கெற்றை வைத்து பேஸ்போலைப் புரிந்துகொண்டவர். 1993இல் ஜோ கார்ட்டர் அடித்து எமது அணிக்கு உலகத் தொடரை வென்றுகொடுத்த ஹோம் ரன்னை ஓர் உணவகச் சமையலறை வானொலியில், கையில் சவர்க்கார நுரையோடு கேட்டவர். முக்கியமான ஆட்டங்களின் ஓட்டக் கணக்கைப் பிள்ளைகளின் பழைய பாடசாலைக் கொப்பியில் பென்சிலால் எழுதுவது அவர் வழக்கம். ஐந்தாவது இன்னிங்ஸ் முடிவில் அவர் கொப்பியைப் புரட்டி, “நாளைக்குப் பக்கம் கீறி வைப்பம்” என்று சொல்லி, மடியில் வைத்தே அடிமட்டம் இல்லாமல் ஒன்பது கட்டங்களைக் கீறி, மேலே ‘3ஆம் ஆட்டம், ஞாயிறு’ என எழுதினார். இன்று வெற்றி, நாளை முடிவு என்பதில் அங்கிருந்த எவருக்கும் அப்போது சந்தேகம் இருக்கவில்லை.

ஆறாவது இன்னிங்ஸில், ஓடுபவர்கள் நிற்கும் மூன்று பேஸ்களிலும் சியாற்றில் ஆட்கள் நிற்க, இருவர் ஆட்டமிழந்திருந்த நிலையில் எமது பிட்ச்சர் கெவின் கௌஸ்மனை வெளியே எடுத்தார்கள். அவருக்குப் பதிலாக வந்த ரிம் மேஸா எறிந்த பந்து கைநழுவி ஓடியதில் ஒரு ஓட்டம் போயிற்று. அடுத்து சியாற்றிலின் கார்லோஸ் சன்டானா அடித்த பந்து மூன்று ஓட்டங்களோடு வெளியே போயிற்று. கௌஸ்மனை எடுத்தது சரியா என்று எனது மைத்துனரும் நானும் இன்றுவரை வாதாடிக்கொண்டிருக்கிறோம். எடுத்திருக்கக் கூடாது என்பதே எனது கருத்து. எட்டாவது இன்னிங்ஸில் 9-6 என்ற நிலையில், மீண்டும் எல்லா பேஸ்களிலும் ஆள் நிற்க, சியாற்றிலின் ஜே.பி. க்ரோஃபர்ட் அடித்த பலமில்லாத ஒரு பந்து நடுமைதானத்தில் யாருக்கும் சொந்தமில்லாத இடத்தை நோக்கி இறங்கியது. அதைப் பிடிக்க முன்னோக்கி ஓடிவந்த எமது ஜோர்ஜ் ஸ்பிரிங்கரும் பின்னோக்கி ஓடிய போ பிஷெற்றும் ஒருவரோடொருவர் மோதி விழுந்தார்கள். பந்து புல்லில் கிடந்தது. மூவரும் ஓடி முடித்தார்கள். ஸ்பிரிங்கரை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். ஒன்பதாவது இன்னிங்ஸில் கால் ராலியும் அடம் ஃபிரேசியரும் அடித்த இரண்டு டபிள்களோடு (இரண்டாவது பேஸ்வரை ஓடத்தரும் அடிகள்) ஆட்டம் 10-9 என முடிந்தது. 2001ஆம் ஆண்டுக்குப் பின்னர் முதன்முறையாக பிளேஓஃபுக்கு வந்த அணி ஏழு ஓட்டப் பின்னடைவிலிருந்து எழுந்து எங்களை வீட்டுக்கு அனுப்பியது. தந்தையார் கணக்கை முடித்துக் கூட்டுத்தொகை எழுதும்வரை நாங்கள் இருக்கையை விட்டு எழவில்லை.

அன்றைய பேருந்துச் சாரதியைக் குறித்து எமக்கு எந்தக் குறையும் இல்லை என்பதையும் பதிவுசெய்ய விரும்புகிறேன். தாமதமாக வந்தவர்களுக்காகக் காத்திருந்தார். ஆட்டத்தைப் பற்றி வானொலியில் பேசத் தொடங்கியதும் யாரும் கேட்காமலே அதை நிறுத்தினார். தங்கள் நிறுவனத்திலிருந்து எமக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான்.

இனி விடயத்துக்கு வருகிறேன். இந்த ஆண்டுதான் வைல்ட் கார்ட் சுற்றை மூன்று ஆட்டங்களாக்கி, மூன்றையும் தரவரிசையில் மேலுள்ள அணியின் மைதானத்திலேயே நடத்தும் முறை நிரந்தரமாக வந்தது. இரண்டு ஆட்டங்களை எந்த அணி முதலில் வெல்கிறதோ அத்துடன் சுற்று முடிந்துவிடும். மூன்றாவது ஆட்டம் தேவைப்பட்டால் மட்டுமே நடக்கும். இது எங்களைவிட விற்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததனால்தான், மார்க்கம் வீதியிலுள்ள கடைத்தொகுதியில் தாங்கள் விநியோகித்த தமிழ்த் துண்டுப்பிரசுரத்தில் ‘நடைபெறாத ஆட்டத்துக்கு முழுப்பணமும் திருப்பித் தரப்படும்’ எனத் தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தீர்கள். அதற்குக் கீழே நட்சத்திரக் குறியோ சிறிய எழுத்தில் நிபந்தனையோ எதுவும் இல்லை. அந்த ஒரு வரியை நம்பித்தான் மூன்றாவது ஆட்டத்தையும் சேர்த்து வாங்கினேன். எனது மைத்துனர், நன்றி தெரிவித்தல் வார இறுதியில் தனக்கிருந்த ஞாயிற்றுக்கிழமை வேலைநேரத்தை அதை நம்பியே வேறொருவருக்குக் கொடுத்தார்.

முதலாவது தொலைபேசி அழைப்பில் பேசிய தங்கள் பணியாளர், “அண்ணை, மேட்ச் கான்சல் ஆகேல்லை. உங்கட ரீம் தோத்ததுக்கு நாங்கள் என்ன செய்யிறது?” என்று கேட்டார். அவர் மரியாதையாகத்தான் பேசினார். அவர்மீது நடவடிக்கை எதுவும் எடுக்க வேண்டாம். ஆனால் அவர் சொன்னது அவருடைய சொந்தக் கருத்தன்று என்பதும், அதுவே நிறுவனத்தின் நிலைப்பாடு என்பதும் தங்கள் மின்னஞ்சலிலிருந்து தெரிந்தது. ‘ரத்துச் செய்யப்பட்ட ஆட்டம்’ வேறு, ‘தேவைப்படாத ஆட்டம்’ வேறு எனத் தாங்கள் அதில் விளக்கியிருக்கிறீர்கள். துண்டுப்பிரசுரத்தில் ‘ரத்து’ என்ற சொல்லே இல்லை; ‘நடைபெறாத’ என்றுதான் இருக்கிறது. ஒக்டோபர் 9ஆம் திகதி அந்த மைதானத்தில் ஆட்டம் நடைபெற்றதா, நடைபெறவில்லையா என்பதைத் தவிர இதில் ஆராய வேறெதுவும் இல்லை.

தாங்கள் முன்வைத்துள்ள தீர்வுதான் எனக்கு மிகுந்த வியப்பைத் தந்தது. ஆறு இருக்கைகளுக்கான 840 டொலரில் ‘நிர்வாகச் செலவு’ எனப் பத்து வீதத்தைக் கழித்து, மீதி 756 டொலரைப் பணமாகத் தராமல் வரவுச்சீட்டாகத் தந்திருக்கிறீர்கள். அந்த வரவுச்சீட்டு 2023 ஒக்டோபர் 31வரை, ரொறன்ரோவில் நடைபெறும் பிளேஓஃப் ஆட்டங்களுக்கு மட்டுமே செல்லும் எனவும் எழுதியிருக்கிறீர்கள். இதன் பொருள் என்னவென்று எழுதியவர் யோசித்தாரா என்பது தெரியவில்லை. 2016க்கும் 2022க்கும் இடையில் இந்த நகரில் ஒரு பிளேஓஃப் ஆட்டமும் நடக்கவில்லை. 2020இல் அணி தகுதி பெற்றும் புளோரிடாவில் ஆடி இரண்டே ஆட்டங்களில் வெளியேறியது. 2021இல் 91 ஆட்டங்களில் வென்றும் ஒரேயொரு ஆட்ட வித்தியாசத்தில் வாய்ப்பை இழந்தது. அடுத்த ஆண்டு அணி தகுதி பெற்றாலும், தரவரிசையில் கீழே இருந்தால் வைல்ட் கார்ட் சுற்றின் எல்லா ஆட்டங்களும் எதிரணியின் ஊரில்தான் நடக்கும். அப்படியானால், எனது 756 டொலருக்குப் பெறுமதி உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிக்கப்போவது அடுத்த கோடைகாலத்தில் எமது பிட்ச்சர்களின் தோள்கள்தான். நான் ரசிகன்; அணியின்மேல் நம்பிக்கை வைப்பது எனது பழக்கம். அந்த நம்பிக்கையின்மேல் எனது பணத்தைப் பந்தயம் கட்டும் உரிமையைத் தங்களுக்கு நான் கொடுக்கவில்லை. அன்று இரண்டு ஹோம் ரன்கள் அடித்த ஹெர்னாண்டஸைக்கூடக் கடந்த வாரம் சியாற்றில் அணிக்கே கொடுத்துவிட்டார்கள் என்ற செய்தி வந்திருக்கும் நிலையில், இந்த வரவுச்சீட்டை யாரும் அரை விலைக்கும் வாங்கமாட்டார்கள்.

அடுத்த சுற்றுக்கென ஆளுக்கு 50 டொலர் வீதம் தாங்கள் வாங்கிய 300 டொலர் முன்பணத்தைப் பற்றி மின்னஞ்சலில் ஒரே வரிதான் இருக்கிறது: ‘அணி தகுதி பெறாத காரணத்தால் முன்பணம் மீளளிக்கப்படமாட்டாது.’ முன்பணம் என்பது வாங்கப்போகும் பொருளுக்காக முன்கூட்டிக் கொடுப்பது. ஹூஸ்டன் அணியுடனான அந்தச் சுற்றில் ரொறன்ரோவில் ஆட்டமே நடக்காதபோது, தாங்கள் எங்கள் பெயரில் எந்த இருக்கையையும் வாங்கியிருக்க முடியாது. அங்கே ஆடியது சியாற்றில் அணி. அவர்களுடைய மைதானத்தில் 18 இன்னிங்ஸ் நீண்ட ஆட்டத்தில் 1-0 எனத் தோற்று அவர்களும் வெளியேறினார்கள். எமது 300 டொலர் எந்தச் செலவுக்குப் போனது என்பதற்கு ஒரு பற்றுச்சீட்டையாவது காட்டினால் அதை மறுபரிசீலனை செய்யத் தயாராக இருக்கிறேன்.

ஆறு சீட்டுகளுக்கான சேவைக் கட்டணம் 90 டொலரும், ஞாயிற்றுக்கிழமை ஓடாத பேருந்துக்கான 120 டொலரும் தங்கள் பதிலில் குறிப்பிடப்படவே இல்லை. பணம் செலுத்தும் கடைசிப் பக்கத்தில்தான் இந்தச் சேவைக் கட்டணம் முதன்முறையாகத் தோன்றியது. துண்டுப்பிரசுரத்தில் இருந்த விலை அது இல்லாத விலை. கட்டணங்களையும் வரியையும் சேர்த்த மொத்த விலையை வாங்குபவருக்குக் காட்ட வேண்டும் என்பது ஒன்ராறியோவின் 2017ஆம் ஆண்டு நுழைவுச்சீட்டு விற்பனைச் சட்டத்தில் இருக்கிறது என்பதைத் தாங்கள் அறிவீர்கள் என நம்புகிறேன்.

இவற்றோடு, ஒக்டோபர் 11ஆம் திகதி ‘உங்களோடு சேர்ந்து நாமும் அழுகிறோம்’ என்ற தலைப்பில், கண்ணீர் விடும் நீலக் குருவியின் படத்தோடு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தீர்கள். அதன் கீழ்ப்பகுதியில் ஹொக்கி ஆட்டங்களுக்கான விளம்பரம் இருந்தது. இத்தகைய மின்னஞ்சல்களை எனக்கு இனி அனுப்ப வேண்டாம்.

ஆகவே, இருக்கைகளுக்கான 840, சேவைக் கட்டணம் 90, பேருந்துக் கட்டணம் 120, முன்பணம் 300 என மொத்தம் 1,350 டொலரையும் நான் செலுத்திய கடனட்டைக் கணக்குக்கே டிசம்பர் 15ஆம் திகதிக்கு முன்னர் திருப்பிச் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் அனுப்பிய வரவுச்சீட்டை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. அது பயன்படுத்தப்படவில்லை, அதைத் தாங்களே இரத்துச் செய்துகொள்ளலாம். குறித்த திகதிக்குள் பணம் வராவிட்டால் கடனட்டை வழங்கிய வங்கியிடம் இக்கொடுக்கல்வாங்கலை மறுத்து விண்ணப்பிப்பேன். அதற்கும் பலன் இல்லாவிட்டால் மாகாண அரசின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவிடமும், தேவைப்பட்டால் சிறு கோரிக்கைகள் நீதிமன்றத்திடமும் செல்வேன். எனது பதிவு இலக்கமும் முகவரியும் தங்களிடம் ஏற்கெனவே உள்ளன.

தங்கள் துண்டுப்பிரசுரம், கடனட்டைப் பற்றுச்சீட்டு, நவம்பர் 10ஆம் திகதி மின்னஞ்சல் ஆகியவற்றின் பிரதிகளை இத்துடன் இணைத்துள்ளேன். தந்தையாரின் கொப்பியில் ‘3ஆம் ஆட்டம், ஞாயிறு’ எனத் தலைப்பிட்ட பக்கத்தின் பிரதியையும் அவருடைய அனுமதியோடு இணைத்திருக்கிறேன். அதில் கீறிய ஒன்பது கட்டங்களும் வெறுமையாக இருக்கின்றன. அன்று ஆட்டம் நடைபெற்றதற்கான பதிவு தங்களிடம் ஏதேனும் இருப்பின், அவற்றை நிரப்பித் திருப்பி அனுப்புமாறு அவர் கேட்டுக்கொள்கிறார்.

இவ்வண்ணம்,
ஸ்காபரோவிலிருந்து தங்கள் வாடிக்கையாளர்