மகளுக்கு, மீளாய்வு பற்றிப் பொதுவாகச் சில வார்த்தைகள்

மல்லாவி,
ஆனி மாதம்.

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் சுகமாக இருக்கிறோம். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய் உன் பெயரிலும் நேர்த்தி வைத்து வந்தோம். வவுனிக்குளத்தில் தண்ணீர் இருந்தபடியால் சிறுபோகம் தப்பிவிட்டது. வேறு புதினங்களும் உண்டு. ஆனால் எழுத உட்கார்ந்தால் இங்கிலாந்தில் நீ செய்யும் ஜி.பி. (குடும்ப வைத்தியர்) பயிற்சியின் ஆண்டு மீளாய்வே முன்னுக்கு வந்து நிற்கிறது. லெஸ்டரில் இருக்கும் உன் மச்சான் சென்ற கிழமை தொலைபேசியில் கதைத்தபோது, அங்கே பயிற்சியிலுள்ள குடும்ப வைத்தியர்களை எவ்வாறு மதிப்பிடுகிறார்கள் என்று விளக்கமாகச் சொன்னான். உன்னைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பொதுவாகத்தான் கதைத்தோம்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை சூப்பர்வைசர் நீங்கள் செய்த வேலைகளைப் பதிந்து வைக்கும் கோப்பான போர்ட்ஃபோலியோவைப் பார்த்து அறிக்கை எழுதுவார் என்றும், ஆண்டுக்கு ஒரு முறை ஒரு குழு அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு, பெரும்பாலும் நீங்கள் அங்கே இல்லாமலே, முடிவு செய்யும் என்றும் சொன்னான். முடிவுகளுக்கு இலக்கங்கள் உண்டாம். 1 என்றால் அடுத்த ஆண்டுக்குப் போகலாம். 2 என்றால் குறிப்பிட்ட ஒரு குறையைத் திருத்த வேண்டும், காலம் நீளாது. 3 என்றால் பயிற்சிக் காலம் நீளும். 5 என்றால் ஏதோ ஆவணம் போதவில்லை, கொடுத்தபின் மறுபடி பார்ப்பார்கள். 3 கிடைத்தவர்கள் பலர் பிறகு நல்ல வைத்தியர்களாக இருக்கிறார்கள் என்பதை, நான் கேளாமலே, அவன் இரண்டு தடவை சொன்னான்.

ஓராண்டில் 36 நோயாளரைப் பற்றிக் குறிப்பு எழுதி, 13 திறன்களுக்கும் சான்று காட்ட வேண்டும் என்றபோது அது எனக்குப் புதிதாகப் படவில்லை. ஓய்வு பெறும்வரை குடும்பநல உத்தியோகத்தராகப் பிள்ளைகளின் நிறையைப் பதிவேட்டில் எழுதியவள் நான். மேற்பார்வைக்கு வருபவர் பதிவேட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போவதில்லை; ஏதாவதொரு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையை மறுபடி நிறுத்துப் பார்ப்பார். நிறை குறைந்த பிள்ளை ஒன்றுகூட இல்லை என்று காட்டும் பதிவேட்டைத்தான் அவர் முதலில் சந்தேகிப்பார். நிறை ஏறவில்லை, வீட்டுக்குப் போனேன், தாய் கூலி வேலைக்குப் போவதால் பிள்ளை அம்மம்மாவிடம் தேத்தண்ணீரும் பிஸ்கட்டும் சாப்பிட்டு வளர்கிறது, இன்னது சொன்னேன், அடுத்த மாதம் சற்று ஏறியது என்று எழுதியிருந்தால், கையொப்பமிட்டுவிட்டு எழும்பிப் போவார்.

ஆகையால் நீ சரியாகச் செய்தவற்றை மட்டும் எழுதாதே. சின்ன வயதிலிருந்தே பிழைத்த கணக்கிருந்த தாளைக் கிழித்தெறிபவள் நீ. செட்டிகுளம் அகதி முகாமில் கொப்பிக்கே வழியில்லாத நாட்களிலும் கிழித்தாய். அந்தப் பிடிவாதம்தான் உன்னை யாழ்ப்பாண மருத்துவ பீடத்துக்குக் கொண்டுபோனது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிபவளும் நான்தான். ஆனால் போர்ட்ஃபோலியோவில் அவர்கள் தேடுவது அந்தத் தாளை. ஏதாவது பிடிபடாவிட்டால் சூப்பர்வைசரிடம் முதலே சொல். அறிக்கை எழுதும் மாதம்வரை காத்திராதே.

உடன் வேலை செய்பவர்களிடமும், வரவேற்பு மேசையில் இருப்பவர்களிடமும்கூட, உங்களைப் பற்றிக் கருத்துக் கேட்பார்களாம். இது எனக்கு மிகவும் பிடித்தது. இங்கே ஒரு டொக்டரைப் பற்றி நம்பர் துண்டு கொடுப்பவரிடம் யார் கேட்டார்கள்? பிறகு அந்தப் பரீட்சை: நோயாளராக நடிக்கும் 12 பேர், ஒருவருக்கு 12 நிமிடம். உனக்கு அறிவு போதாது என்று எவரும் சொல்ல முடியாது. நோயாளி சொல்லி முடிக்கமுன் விடை சொல்லிவிடுவாய், அப்பாவைப் போல. அதை மட்டும் கவனித்துக்கொள்.

பயிற்சி முடிந்தாலும் இது தீராதாம். ஆண்டுதோறும் அப்ரைசல் என்னும் மதிப்பீடு, ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அனுமதியைப் புதுப்பிக்கும் பரிசீலனை. 2012 இறுதியிலிருந்து அங்குள்ள எல்லா வைத்தியர்களுக்கும் அப்படித்தான் என்கிறான். பெரிய டொக்டர்மாரும் கோப்புத் தூக்கும் நாட்டில், ஒரு வருடம் கூடுதலாகப் படிப்பவரைப் பார்த்து யார் சிரிக்கப் போகிறார்கள்? 3 வந்தால் மேன்முறையீடு செய்யும் உரிமையும் உண்டாம். பொதுவாகத்தான் சொல்கிறேன். எதற்கும் சூப்பர்வைசரிடம் முதலே சொல். எங்களுக்குச் சொல்லாவிட்டாலும் அவருக்குச் சொல்.

அப்பா சந்தையடியில் மகள் அடுத்த வருடம் முழு ஜி.பி. ஆகிவிடுவாள் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். நான் இன்னும் தடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அவர் வயலுக்குப் போய்விடுவார். உனக்கு அப்போது மதியம் பன்னிரண்டரை. அந்த நேரத்தில் எடு. அவருக்கு எதை, எப்போது சொல்வது என்று நாம் இருவரும் முடிவு செய்துகொள்ளலாம்.

அன்புடன்,
அம்மா